வாட்டம் இல்லாத தூம்பு

"இலையைக் கொஞ்சம் தள்ளிவிட்டால் போதுமே அம்மா." இந்த ஒரு வரியை மூன்று வருடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐப்பசி பிறந்தால் மாயவரத்திலிருந்து அழைப்பு வரும். தாழ்வாரம் முழுக்க ஈரம், கூடத்துக்குள் சாரல் தெறிக்கிறது, முற்றத்தில் தண்ணீர் வடியவே மாட்டேன் என்கிறது என்று எங்கள் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் அம்மா சொல்வார். நான் சென்னையில் உட்கார்ந்துகொண்டு இந்த வரியைச் சொல்வேன். கோபமாகச் சொன்னதில்லை, மரியாதையாகத்தான் சொல்வேன், கூடவே ஆள் வைத்து ஓட்டு விளிம்புத் தூம்பைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள் என்று 500 ரூபாய் அனுப்பியும் வைப்பேன். அவரும் "சரி தம்பி" என்று வைத்துவிடுவார். இப்போது தூம்பைச் சரிசெய்யும் வேலையெல்லாம் முடிந்து ஒரு மழைக்காலத்தையும் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் அந்த "சரி தம்பி" மட்டும் எனக்குள்ளே எங்கேயோ தங்கிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீடு பழைய காலத்து வீடு. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், பின்கட்டு, கொல்லையில் கிணறு. மேலே சீமை ஓடு. அப்பா 2016இல் போனபிறகு அம்மாவை என்னோடு சென்னைக்கு அழைத்து வந்துவிட்டேன். நாலு வருடம் பூட்டிக் கிடந்தது. பூட்டிய ஓட்டு வீடு எவ்வளவு வேகமாகக் கெட்டுப்போகும் என்பது அப்படி ஒரு வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். 2020இல் இவர்கள் வந்தார்கள். கணவர் ஓய்வு பெற்றவர், காலில் சர்க்கரைப் புண், அதிகம் நடமாட மாட்டார். அந்த அம்மா இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக்கு விற்கிறார். வாடகை 6,500 ரூபாய். மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடும், ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

முற்றம் வைத்த வீட்டில் கூரைத் தண்ணீரில் பாதி வெளியே தெருவுக்கும் கொல்லைக்கும் போகும், மீதிப் பாதி வீட்டுக்குள்ளேயே வரும். நாலு பக்கத்து ஓடும் முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். நாலு மூலையிலும் இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாய். ஓட்டு விளிம்பை ஒட்டி முற்றத்தைச் சுற்றித் தகரத் தூம்பு, மூலையில் ஒரு இறக்குக் குழாய், கீழே முற்றத்து மூலையில் தண்ணீர் வெளியேறும் ஜலதாரை, அங்கிருந்து ரேழிக்கு அடியில் ஓடித் தெருவில் போய் விழும். இதில் எங்கே ஒரு இடத்தில் தவறினாலும் தண்ணீர் போக வழி கிடையாது, ஏனென்றால் அது ஏற்கெனவே வீட்டுக்குள்ளே வந்துவிட்டது. மாடி வீட்டில் மழை ஒழுகினால் கூரையில் ஒழுகல் என்போம். முற்றத்து வீட்டில் மழை பெய்வதே கூடத்துக்குப் பக்கத்தில்தான்.

ஒரு கணக்கு சொல்கிறேன், எனக்கே இது பிற்பாடுதான் உறைத்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் முற்றத்தையும் அதைப் பார்த்துச் சரியும் கூரையையும் சேர்த்தால் சுமார் 600 சதுர அடி, அதாவது 56 சதுர மீட்டர் வரும். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை, டெல்டாவில் ஐப்பசி கார்த்திகையில் இது அதிசயம் ஒன்றுமில்லை, அப்படிப் பெய்தால் 2,800 லிட்டர். நிமிடத்துக்கு 47 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தால் நிமிடத்துக்கு மூன்று குடம், ஒரு மணி நேரம் விடாமல் யாரோ முற்றத்தில் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2022 நவம்பர் 11 இரவு பக்கத்திலிருக்கும் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் கொட்டியது, அங்கே நூறு வருடத்துக்கு மேல் பார்க்காத மழை. மாயவரத்தில் அந்த அளவு இல்லை. சீர்காழி மழை எங்கள் முற்றத்தில் பெய்திருந்தால் 24,000 லிட்டருக்கு மேல், இரண்டு பெரிய தண்ணீர் லாரி. அன்று இரவும் அந்த அம்மா எனக்குப் போன் செய்யவில்லை. மறுநாள் நானே கூப்பிட்டுக் கேட்டபோது "சமாளிச்சுட்டோம் தம்பி" என்றார். எப்படிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை.

யார் செய்ய வேண்டும் என்ற சண்டை

என் சித்தப்பா மகன் வக்கீல் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறான். அவனிடம் ஒருமுறை இதைச் சொன்னபோது, "அண்ணே, சட்டத்திலேயே இருக்கு, சாக்கடை அடைப்பு எடுக்கிறது குடியிருக்கிறவங்க பொறுப்பு, உங்க பொறுப்பு இல்ல" என்றான். எடுத்துப் படித்தேன். தமிழ்நாட்டில் 2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் யார் எதைப் பராமரிப்பது என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளை, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, ஒயரிங் இதெல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, வடிகால் சுத்தம் இதெல்லாம் குடியிருப்பவர் தலையில். படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இலையைத் தள்ளிவிடச் சொல்வது சட்டப்படியும் சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு வேப்பமரம் எங்கள் ஓட்டின் மேலேதான் கவிந்திருக்கிறது, வேப்பங்காம்பு தூம்பில் விழுந்து மக்கிச் சேறாகும், தண்ணீர் வழியும். இதில் ஆராய என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன்.

எல்லா வாடகை வீட்டிலும் இந்தச் சண்டை இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் "நீங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை" என்பார், குடியிருப்பவர் "வீடே இப்படித்தான்" என்பார். இரண்டு பேருமே மனதறிந்து பொய் சொல்வதில்லை. ஆனால் மழை பெய்யும்போது வீட்டுக்குள் இருப்பவர் ஒருவர்தான். வாடகை வாங்க, பெயிண்ட் அடிக்க, தேங்காய் பறிக்க என்று நான் போனதெல்லாம் வெயில் நாட்களில். பொங்கல், சித்திரை, ஆனி. காய்ந்த தூம்பை அண்ணாந்து பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று திரும்பிவிடுவேன். நான் பிறந்து வளர்ந்த வீடு என்பதால் அதைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற எண்ணம் வேறு.

அந்த மூன்று மணி நேரம்

2023 கடைமுகத்துக்கு, அதாவது ஐப்பசி கடைசி நாள் காவிரி முழுக்குக்கு, இரண்டு நாள் முன்பு. என் அம்மாவுக்குக் காவிரியில் முழுக்குப் போட வேண்டும் என்று ஆசை, அழைத்து வந்து பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மின்வாரிய அட்டையை வாங்கி வரலாம் என்று எங்கள் வீட்டுக்குத் தனியாகப் போனேன். ரேழியில் செருப்பைக் கழற்றும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முற்றத்தின் ஓரத்தில் ஒரு மூங்கில் கூடை இருந்தது. அதில் கறுப்பாக, நொசநொசவென்று, வேப்பங்காம்பும் சேறும் உடைந்த ஓட்டுத் துண்டும். பக்கத்தில் ஒரு நீளமான மூங்கில் கழி, அதன் முனையில் பழைய புடவைத் துணியை உருண்டையாகச் சுற்றிக் கட்டியிருந்தது. "நேத்திக்குத்தான் தம்பி தூம்பு வழிச்சேன், மழை வரும்னு சொன்னாங்கள்ல" என்றார் குடியிருக்கும் அம்மா. அவருக்கு அறுபதுக்குக் கிட்டத்தட்ட வயது. ஸ்டூல் போட்டு ஏறி, அண்ணாந்து, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு வழித்திருக்கிறார். நான் அனுப்பும் 500 ரூபாய்க்கு ஆள் வரவில்லை, அந்தத் தூம்புக்காகப் பாதி நாள் வேலையை விட்டுவிட்டு யார் வருவார்கள்.

மழை பிடித்தது. முதல் ஐந்து நிமிடம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம் மேற்குப் பக்கத் தூம்பின் நடுவில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி ஒரு திரை மாதிரி விழ ஆரம்பித்தது. இறக்குக் குழாய் இருக்கும் மூலையில் இல்லை, நட்டநடுவில். நான் தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நேற்று வழித்துச் சுத்தமாக இருக்கும் தூம்பு, உள்ளே ஒரு இலை இல்லை, வழிகிறது. ஓட்டு விளிம்பைக் கோடாக வைத்துத் தூம்பைப் பார்த்தால் நடுவில் ஒரு விரல் அளவு தொங்கியிருந்தது, குழாய் இருக்கும் மூலை அதைவிட மேலே இருந்தது. தண்ணீர் மேட்டைப் பார்த்து ஓடச் சொன்னால் எப்படி ஓடும். கூடல்வாயிலிருந்து வருவது வேறு தகரம் கிழிந்த இடத்தில் சுவரோடு வழிந்து கொண்டிருந்தது. அந்தச் சுவரில்தான் சுவிட்ச் போர்டு.

அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. அதற்குள் அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கினார். கணவர் ஒரு பக்கம் பிடிக்க, கிரைண்டரைச் சாய்த்து அடியில் இரண்டு பக்கமும் செங்கல் வைத்தார். செங்கற்கள் தூணோரமாகத் தயாராக அடுக்கியிருந்தன. அரிசி மூட்டை ஊஞ்சல் பலகைக்கு ஏறியது. பிறகு மாடத்திலிருந்து ஒரு கல்லை எடுத்தார், அம்மிக் குழவி அளவில், மேலே கோணித் துணி சுற்றிச் சணலால் இறுகக் கட்டிய கல். அதை ஜலதாரை வாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எதுக்கும்மா இது" என்றேன். "இருங்க தம்பி, தெருவுல ஏறட்டும்" என்றார்.

ஆறரை மணி வாக்கில் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். ஜலதாரை வாயில் சுழித்துக்கொண்டு போன தண்ணீர் மெல்ல நின்றது. கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு அதிலிருந்து குமிழ் வந்தது, ஒன்று, இரண்டு, அதன் பின்னால் ஒரு ஷாம்பு பாக்கெட்டும் கலங்கலான தண்ணீரும் மேலே வந்தன. தெருத் தண்ணீர் எங்கள் ஜலதாரை வழியாக வீட்டுக்குள் வருகிறது. அவர் கல்லை எடுத்து வாயில் வைத்து அடைத்து, குதிகாலால் இரண்டு மிதி மிதித்தார். அப்புறம் அலுமினியச் சட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு வாளியில் ஊற்ற, நான் அதைத் தூக்கிக்கொண்டு கொல்லையில் போய்க் கொட்டினேன். வாளி கணக்கு எனக்கு நினைவில்லை. எட்டு மணிக்கு மழை விட்டது. அவர் கல்லை எடுக்காமல், "தெருவுல வடிய இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு எனக்குக் காபி போடப் போனார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்தத் தூணில் சாய்ந்து நின்றபோது, மூன்று வருடம் நான் போனில் சொன்ன அந்த வரி எனக்குக் கேட்டது. அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான்கு படி இரண்டு படியான கதை

மறுநாள் காலை தெருவில் நின்று எங்கள் வாசலைப் பார்த்தேன். சின்ன வயதில் திண்ணைக்கு ஏற நாலு படி. கடைசிப் படியில் உட்கார்ந்து கோலிக்குண்டு ஆடியிருக்கிறோம், காலை நீட்டினால் தெரு மண் படும். இப்போது இரண்டு படிதான் வெளியே தெரிகிறது. மீதி இரண்டும் சாலைக்குள்ளே புதைந்திருக்கின்றன. பழைய சாலையின் மேலேயே புதுச் சாலை, அதன் மேல் இன்னொன்று என்று ஒவ்வொரு முறையும் மூன்று நாலு இஞ்ச் ஏறியிருக்கிறது. எங்கள் தெருவில் மட்டும் நடந்தது இல்லை இது, தமிழ்நாட்டில் எந்த ஊரின் பழைய தெருவுக்குப் போனாலும் வீடுகள் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். நல்ல காரியம்தான், ஆனால் அதற்கு முன்னால் ஏறிப்போன உயரம் ஏறிப்போனதுதானே. படி புதைந்ததை நான் ஒவ்வொரு பொங்கலுக்கும் பார்த்திருக்கிறேன். அது ஜலதாரைக்கு என்ன செய்யும் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

சித்திரை வெயிலில் வேலையைத் தொடங்கினோம். 2024 மே. ஊரிலேயே ஓட்டு வேலையும் கொத்து வேலையும் தெரிந்த ஒரு மேஸ்திரி, எழுபது வயது இருக்கும், அப்பாவுக்குத் தெரிந்தவர். வந்ததும் அவர் தூம்பைப் பார்க்கவே இல்லை. டியூப் மட்டம் கொண்டுவரச் சொன்னார். இருபது முப்பது அடி நீளக் கண்ணாடி மாதிரி டியூப், அதில் தண்ணீர் ஊற்றி, நடுவில் காற்றுக் குமிழ் இல்லாமல் தட்டித் தட்டி எடுத்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்து முற்றத்துத் தூணில் பிடிக்கச் சொன்னார், இன்னொரு முனையை எடுத்துக்கொண்டு ரேழி வழியாகப் போனார். இங்கே தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சில் கோடு, அங்கே நிற்கும் இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து மறுபடி டியூபை நீட்டித் தெரு வரைக்கும். பிறகு ஒவ்வொரு கோட்டிலிருந்தும் தரைக்கு டேப் வைத்து அளந்தார். முற்றத்துத் தரையைவிடத் தெரு 5 இஞ்ச் உயரம். புதைந்த இரண்டு படி 14 இஞ்ச், அதைக் கழித்துப் பார்த்தால் வீடு கட்டிய காலத்தில் முற்றம் தெருவைவிட 9 இஞ்ச் உயரத்தில் இருந்திருக்கிறது. வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவு, அப்படியே தலைகீழாகிவிட்டது. "இதுல நீங்க ஜலதாரையைத் தோண்டித் தோண்டிச் சுத்தம் பண்ணினா என்ன தம்பி நடக்கும், தெருத் தண்ணி இன்னும் சுலபமா உள்ள வரும்" என்றார்.

அதே டியூபைக் கொல்லைப் பக்கம் திருப்பினார். கொல்லைக் கடைசி முற்றத்தைவிட 9 இஞ்ச் தாழ்வு. எனக்கு அந்த நேரத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமானபோது அப்பா கொல்லையில் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டி வைத்தார், பின்பக்கத்து ஓட்டுத் தண்ணீருக்காக. இருபது வருடத்தில் அது களிமண் ஏறி மேலே துளசிச் செடி முளைத்துத் தரையோடு தரையாகிவிட்டது. முற்றத்திலிருந்து அந்த இடம் 60 அடி. நூறுக்கு ஒன்று வாட்டம் வைத்தால் 7 இஞ்சுக்குக் கொஞ்சம் மேல் இறக்கம் வேண்டும், நம்மிடம் 9 இருக்கிறது. அதாவது தண்ணீரைத் தெருவோடு மல்லுக்கட்ட விடாமல் பின்னால் திருப்பிவிடலாம்.

தெருப் பக்கத்து ஜலதாரையைச் சிமெண்ட் வைத்து நிரந்தரமாக அடைத்தோம். முற்றத்து மூலையில் ஒரு சின்னத் தொட்டி கட்டி, அங்கிருந்து 4 இஞ்ச் பிவிசி குழாய், பின்கட்டுத் தரையைப் பெயர்த்து அடியில் கொல்லை வரை. குழாய் திரும்பும் இடத்தில் திறந்து பார்க்கிற மாதிரி இன்னொரு தொட்டி. குழியைத் தோண்டிக் களிமண்ணை எல்லாம் எடுத்துவிட்டு அடியில் உடைந்த செங்கல், அதன் மேல் ஜல்லி, மேலே ஆற்று மணல். நம் டெல்டா மண்ணில் தண்ணீர் உறிஞ்ச நேரம் பிடிக்கும், குழியை மட்டும் நம்பினால் முதல் பெருமழையில் நிரம்பி நின்றுவிடும். அதனால் குழி நிரம்பினால் வழிந்து பின்சந்து ஓடைக்குப் போக ஒரு குழாய். அந்தச் சந்தில் இன்னும் யாரும் சாலை போடவில்லை. சமையலறை, குளியலறைத் தண்ணீர் எதுவும் இதில் சேராமல் பார்த்துக்கொண்டோம். மழைத் தண்ணீர் மட்டும்தான் கிணற்றுப் பக்கம் போகலாம்.

தூம்புக்கு வந்தபோதுதான் எனக்கு இன்னொன்று தெரிந்தது. அந்தத் தொங்கிய தூம்பு பழைய தூம்பு இல்லை. 2016இல், வீட்டைப் பூட்டுவதற்கு முன்னால், நானே போட்டது. அப்போது வந்தவர் இரண்டு அடிக்கு ஒரு கொக்கி என்று கணக்குச் சொன்னார், நான்தான் செலவைக் குறைக்கச் சொல்லி ஐந்து அடிக்கு ஒன்று என்று ஆக்கினேன். இறக்குக் குழாயும் நாலு இஞ்ச் கேட்டதற்கு இரண்டு இஞ்ச் போதும் என்றேன், அதுவும் ஒரே மூலையில். இரண்டு இஞ்ச் குழாய் என்றால் நாலு இஞ்ச் குழாயில் பாதித் தண்ணீர் போகும் என்று நினைப்போம். வாய் அளவில் அது நாலில் ஒரு பங்கு. அதன் நடுவில் ஒரு எல்போ வேறு. அன்றைக்கு நான் மிச்சம் பிடித்தது மூவாயிரம் நாலாயிரம் இருக்கும். அந்த அம்மா மூங்கில் கழியில் துணி சுற்றி வழித்ததெல்லாம் நான் மிச்சம் பிடித்த அந்தப் பணத்தைத்தான்.

இந்தத் தடவை பட்டறையில் கொடுத்து ஜிஐ தகட்டில் ஆறு இஞ்ச் அகலத்துக்கு மடித்து வாங்கினோம். இரண்டு அடிக்கு ஒரு இரும்புப் பட்டை, சட்டத்தில் ஆணியாக அடிக்காமல் திருகு போட்டு. நூல் கட்டிப் பத்தடிக்கு ஒரு இஞ்ச் என்று வாட்டம். முற்றத்தின் நீளப் பக்கம் 14 அடி, அதில் ஒன்றரை இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாக இறக்கம் வந்தது. கீழே நின்று பார்த்தால் தூம்பு ஓட்டு விளிம்போடு ஒட்டாமல் கோணலாகத் தெரியும். பெரியப்பா பார்த்துவிட்டு "நேரா வைக்கத் தெரியாதா" என்றார். மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் மேலே ஏறி ஒரு சொம்புத் தண்ணீரை மேட்டு முனையில் ஊற்றினார். அது சலசலவென்று ஓடிக் குழாயில் இறங்கியது, தூம்பில் ஒரு சொட்டு தேங்கவில்லை. எதிரெதிர் மூலையில் இரண்டு இறக்குக் குழாய், இரண்டும் நாலு இஞ்ச். வாய்க்குத் தட்டையாக வலை போடலாமா என்று கேட்டேன். "தட்டையா போட்டா இலை அது மேலேயே படுத்துக்கும், அதுவே அடைப்பு" என்று சொல்லி, கம்பியைக் கூடை மாதிரி வளைத்து நிமிர்த்தி வைத்தார். இலை சுற்றி ஒட்டினாலும் மேல் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். நாலு கூடல்வாய்த் தகட்டையும் மாற்றி, உடைந்த ஓடு முப்பதைப் பொறுக்கி எடுத்து, சுவிட்ச் போர்டை எதிர்ச் சுவருக்கு மாற்றி, கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் இஎல்சிபி ஒன்றும் வைத்தோம்.

ஐந்து நாள் ஆனது. ஐந்து நாளும் அந்த அம்மாவால் மாவு அரைக்க முடியவில்லை. அந்த மாத வாடகை வேண்டாம் என்று சொன்னேன், அவர் கேட்கவில்லை, கடைசியில் பாதி வாங்கிக்கொள்ளச் சொன்னார். மொத்தச் செலவு 71,500 ரூபாய். சரியாகப் பதினொரு மாத வாடகை. என் தம்பி, இவ்வளவு போட்டிருக்கிறாய், இனி 8,000 கேள் என்கிறான். நான் கேட்கவில்லை. ஒழுகாத வீட்டுக்குத்தான் நான் நாலு வருடமாக 6,500 வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போதுதான் அந்த வாடகைக்கு உரிய வீட்டைக் கொடுத்திருக்கிறேன். இதில் கூட்டுவதற்கு என்ன இருக்கிறது? தம்பிக்கு இது புரியவில்லை, இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறான்.

சட்டத்தில் பிரித்துப் போட்டிருப்பதை நான் குறை சொல்லவில்லை. வடிகால் சுத்தம் குடியிருப்பவர் பொறுப்பு என்பது நியாயம்தான், அவர் அதைச் செய்துகொண்டுதான் இருந்தார், நான் போனில் சொல்வதற்கு முந்தின நாளே செய்துவிட்டு இருந்தார். ஆனால் சுத்தம் செய்தால் ஓடுகிற வடிகாலைக் கொடுத்த பிறகுதான் சுத்தம் செய்யவில்லை என்று கேட்க முடியும். அது எந்தப் பட்டியலிலும் தனி வரியாக எழுதியிருக்காது.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் இல்லை. கிழக்குப் பக்கம் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். அவர்கள் ஓட்டைப் பிரித்துவிட்டு மாடி கட்டியிருக்கிறார்கள். அந்த மாடித் தண்ணீர் கைப்பிடிச் சுவரில் தேங்கிப் பொதுச்சுவருக்குள் இறங்குகிறது, எங்கள் கூடத்தில் ஆள் உயரத்துக்கு உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்கிறது. இரண்டு தடவை போய்ப் பேசினேன். பார்க்கலாம் என்கிறார்கள். அவர்களும் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார்கள், வீட்டில் வாடகைக்குத்தான் ஆள். இந்தச் சுவரை மழை நாளில் அவர்களை நிறுத்திக் காட்ட ஒரு வழி கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரைக்கும் அந்தப் பக்கத்தில் அலமாரி வைக்க வேண்டாம் என்று மட்டும் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

2024 நவம்பர் கடைசி வாரத்தில், ஃபெஞ்சல் புயலாக மாறுவதற்கு முன்னால், அந்த மழை டெல்டாவைப் போட்டு எடுத்ததே, அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு நானே கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மறுபடி கூப்பிட்டேன். எடுத்தவர், "மாவு எடுத்துட்டு இருந்தேன் தம்பி, கை ஈரம்" என்றார். மழையில் கிரைண்டர் ஓடுகிறது. முற்றம் எப்படி இருக்கிறது என்றதற்குப் பதில் சொல்லாமல் போனை முற்றத்துப் பக்கம் நீட்டினார் போலிருக்கிறது. ஓட்டின் மேல் மழை விழும் இரைச்சல், அதற்குள்ளே குழாயில் தண்ணீர் கடகடவென்று இறங்குகிற சத்தம், இரண்டு பக்கத்திலிருந்தும். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு அவர் குரல் வந்தது. "தம்பி, மேக்கால மூலையில ஒரு ஓடு நகர்ந்திருக்கு, சொட்டுது. கீழ பாத்திரம் வச்சிருக்கேன். மேஸ்திரி நம்பர் இருந்தா அனுப்புங்க."

அந்த வாரம் சனிக்கிழமை, மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும்போதே, நானே கிளம்பிப் போனேன்.